உறக்க டாக்டர்

சாரல் காலம் வந்துவிட்டால் தென்காசி டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் என் ஆபரேட்டர் உத்தியோகம் போய் அருவி உத்தியோகம் வந்துவிடும். போர்டில் யாராவது ஒருவருடைய ஷட்டர், அவர் நம்பருக்கு மேலிருக்கும் சின்னத் தகடு, விழும். ஒயரைச் சொருகி "நம்பர்?" என்பேன். நம்பர் வராது. "அக்கா, தண்ணி விழுதா?" என்றுதான் வரும். சுரண்டையிலிருந்து வந்த சம்பந்தி வீட்டாரை உட்கார வைத்துவிட்டுக் கேட்பார்கள், கடையடைக்கும்போது கேட்பார்கள். இந்த உலகம்மாள் குற்றாலத்திலிருந்து பஸ் ஏறி வருகிறவள் என்பது ஊருக்கே தெரியும். அதற்காக அருவியை நான்தான் திறந்துவிட்டு வருகிறேன் என்று நினைப்பா? எரிச்சலாக இருக்கும். பதில் சொல்லாவிட்டாலும் விடமாட்டார்கள், மறுபடியும் ஷட்டர் விழும்.

எழுபத்தெட்டாம் வருஷம் ஆடி மாதம், மலையில் விடாத மழை. மத்தியானம் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கப் போகையில் ஆவுடையப்பன் நோட்டுக் கடையின் ஷட்டர் விழுந்தது. ஹாஸ்டல் பையன்கள் அவசரத்துக்குப் பேசுகிற போன் அது.

"அக்கா, மெயினருவியில தண்ணி விழுதா?"

"ஆர்ச்சத் தாண்டி விழுது. குளிக்க முடியாது. அங்கன ஒரு ஈ காக்கா கெடையாது."

"அது போதும்க்கா."

டப்பாவை மூடிவிட்டேன். குளிக்கப் போகிறவன் எவனும் 'போதும்' என்று சொல்ல மாட்டான். 'அடடா' என்பான், 'நாளைக்காவது கொறையுமா' என்பான்.

"எத்தனை பேரு போறீங்க?"

"நான் மட்டுந்தான்."

குற்றாலத்துக்குத் தனியாகக் குளிக்கப் போகிறவனை நான் பார்த்ததே இல்லை. முதுகில் எண்ணெய் தேய்த்துவிடவாவது ஒரு ஆள் வேண்டுமே. சுற்றி வளைத்துக் கேட்க எனக்கு வராது.

"தம்பி, சாவப் போறியா?"

மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. பெயர் தளவாய் என்றான், ஊர் புளியங்குடி. அப்பா எலுமிச்சை மண்டியில் மூட்டை தூக்குகிறார். "உறக்கம் வர மாட்டேங்குக்கா. படிச்சது ஒண்ணும் நிக்க மாட்டேங்கு. பொஸ்தகத்தத் தொறந்தா நெஞ்சு அடைக்கி. ஊருக்குப் போவவும் மொகமில்ல. யார்ட்டச் சொல்ல?"

யாரிடம் சொல்ல என்பதுதான் எனக்கும் கேள்வி. எத்தனையோ நம்பர் மனப்பாடமாக இருக்கிற தலையில் இதற்கு ஒரு நம்பர் இல்லை. போலீசுக்குச் சொன்னால் சாகப் பார்த்தவன் என்று கேஸ் எழுதுவார்கள். ஹாஸ்டலுக்குச் சொன்னால் பெட்டியைக் கையில் கொடுத்து அனுப்பிவிடுவார்களோ என்று பயம். அருவியில் நிறுத்தினால் புத்தி தெளியும் என்று மனசு சரியில்லாதவர்களைக் கையைக் கட்டிக் கூட்டி வருகிறவர்களை வருஷா வருஷம் பார்க்கிறேன். தெளிந்து போன ஒருவரையும் கண்டதில்லை. பாளையங்கோட்டை பெரியாஸ்பத்திரியில் இதற்கென்று ஒரு டாக்டர் இருப்பதாக எப்போதோ ஒரு வெளியூர் டிரங்க் காலில் காதில் விழுந்திருந்தது.

"பாளையங்கோட்டையில ஒரு டாக்டரு இருக்காரு. பேசுதியா?"

"எனக்குப் பைத்தியம் இல்லக்கா."

"இருக்குன்னு யாரு சொன்னா? இவரு உறக்க டாக்டர். உறக்கம் வராதவங்களப் பாக்குதவரு." அப்படி ஒரு டாக்டர் உலகத்தில் உண்டா என்று எனக்கே தெரியாது. வாயில் வந்ததைச் சொன்னேன். "நீ லைன்லயே இரு. போன வச்சிராத."

இன்னொரு ஒயரை எடுத்து, நோட்டுக் கடைக்கு அடுத்த சைக்கிள் கடை அகமது கபீரைக் கூப்பிட்டேன். "பாய், பக்கத்துக் கடையில போன் பேசுத பையன்கிட்டப் போயி நில்லுங்க. ஒண்ணும் கேக்காதீங்க. விட்டுட்டு மட்டும் வந்துராதீங்க." அவர் ஏன் என்று கேட்கவில்லை. "சரிம்மா" என்று வைத்துவிட்டார்.

திருநெல்வேலி எக்ஸ்சேஞ்ச் போர்டில் பிருஹதாம்பாள் அக்கா இருந்தாள். வருஷக்கணக்காகப் பேசுகிறோம், முகம் பார்த்ததில்லை. விஷயத்தைச் சொன்னதும் "இருடி, அவர் வீட்டுல இருந்தாலும் பிடிச்சுத் தரேன்" என்றாள். அதற்குள் சூப்பர்வைசர் ராமசேஷன் பின்னால் வந்து நின்றுவிட்டார்.

"டிரங்க் லைனை யாருக்குக் குடுத்திருக்கே?"

"சாவப் போற பையனுக்கு சார்."

மெமோதான் என்று நினைத்தேன். அவர் பக்கத்து ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, என் போர்டில் விழுந்த ஷட்டர்களையெல்லாம் தானே எடுக்க ஆரம்பித்தார். இத்தனை வருஷத்தில் எவருக்கும் ஒரு வார்த்தை கூடுதலாகப் பேசாத மனிதர். "விழுது. ஆமா, விழுது. ஆர்ச்சைத் தாண்டி விழுது" என்று சொல்லிக்கொண்டே இருந்தார்.

நான் இந்தப் பக்கம் தளவாயிடம் என்னென்னவோ பேசினேன். எலுமிச்சையில் நல்ல காயை எப்படிப் பார்த்து வாங்குவது என்று கேட்டேன். தோல் மெலிசா இருக்கணும்க்கா என்றான்.

ஒருவழியாக டாக்டர் லைனில் வந்தார். "சார், உங்கள உறக்க டாக்டர்னு சொல்லி வச்சிருக்கேன். மாத்திச் சொல்லிராதீங்க."

"நல்ல பேருதான்மா. குடுங்க."

ஒயரை மாட்டிவிட்டு ஹெட்செட்டைக் கழற்றினேன். ஆபரேட்டர் ஒட்டுக் கேட்கக் கூடாது என்பது சட்டம். நாங்கள் எல்லோரும் கேட்போம். அன்று கேட்கவில்லை. அந்த ஒயரையே பார்த்துக்கொண்டிருந்தேன், அதைப் பிடித்துக்கொண்டுதான் அவன் நிற்கிறான் என்பது மாதிரி.

வெகுநேரம் கழித்து ஹெட்செட்டை மறுபடி மாட்டினேன், கபீர் பாய் பேசினார். "டாக்டர் இன்னைக்கே வரச் சொல்லுதாரும்மா. நாங்க ரெண்டு பேரும் பஸ் ஏறுதோம். தம்பி உங்கிட்டச் சொல்லச் சொல்லுதான்." நான் அழுதுவிட்டேன். ராமசேஷன் சார் பார்க்காதது போல ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

ஐப்பசியில் அதே நோட்டுக் கடையின் ஷட்டர் விழுந்தது. "அக்கா, தண்ணி விழுதா?" குரலைக் கேட்டதும் தளவாய் என்று தெரிந்துவிட்டது.

"எத்தனை பேருலே?"

"நாலு பேருக்கா. கபீர் பாயும் வாறாரு." இன்னும் மாத்திரை சாப்பிடுவதாகவும் சில நாள் உறங்குவதாகவும் சொன்னான். சில நாள்தானா என்று நான் கேட்கவில்லை.

அடுத்த வருஷம் சாரல் தொடங்கிய வாரம், பெண்கள் ஹாஸ்டல் பக்கத்து மருந்துக் கடையிலிருந்து ஒரு புதுக் குரல். "அக்கா, தண்ணி விழுதா?"

"விழுது. எத்தனை பேரு போறீங்க?"

பின்னால் யாரோ மாத்திரைக்குச் சில்லறை கேட்கும் சத்தம்.

"இல்லக்கா, அதுக்கில்ல. உங்ககிட்டக் கேட்டா… உறக்க டாக்டர்னு ஒருத்தரு…"

"இருக்காரு தாயி. லைன்லயே இரு" என்றேன். என் கை அதற்குள் திருநெல்வேலி ஒயரை எடுத்திருந்தது. பக்கத்தில் ராமசேஷன் சார் ஸ்டூலை இழுக்கிற சத்தம் கேட்டது.