மாதத்துக்கு ஒரு வரி

கண்ணாடிக் கடைக்காரரின் மகளுக்குச் சம்பளம் கொடுப்பதே திட்டு வாங்குவதற்குத்தான் என்று ஆபீஸில் கேலி செய்வார்கள். வெப்சைட்டுகளுக்கு இடம் வாடகைக்கு விடும் கம்பெனி அது. வாடிக்கையாளர் உதவிப் பிரிவில், காதில் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தால் மாலை வரை அர்ச்சனைதான்.

"என் வீட்டுக்குள்ள நானே போக முடியலன்னா எதுக்கும்மா உங்க கம்பெனி?"

"அஞ்சு தடவை தப்பான பாஸ்வேர்டு போட்டா சிஸ்டமே பூட்டிடும் சார். உங்க பாதுகாப்புக்குத்தான்."

ஒரு நாளைக்கு இருபது முறையாவது இதைச் சொல்லுவாள். பழகிப்போன வார்த்தை.

ஒரே பெரிய கம்ப்யூட்டரில் நானூற்றுச் சொச்சம் வெப்சைட்டுகள் ஒண்டுக்குடித்தனம் நடத்தின. அதில் ஒன்று அவள் அப்பாவின் மூக்குக்கண்ணாடிக் கடையுடையது. ஏழு வருடத்துக்கு முன்பு அண்ணன் செய்து கொடுத்தது. செய்து கொடுத்த அடுத்த மாதமே அவன் வீட்டைவிட்டுப் போய்விட்டான்.

காரணம் ஒரு லென்ஸ். வலது கண்ணுக்கானதை இடது பக்கம் பொருத்திவிட்டான். கடை நிறைய ஆள் இருக்கும்போது அப்பா கன்னத்தில் ஒன்று வைத்தார். "கண்ணு தெரியாதவனுக்குக் கண்ணாடிக் கடையில என்னடா வேலை?" என்று கேட்டார். யாரோ ஒரு வாடிக்கையாளர் சிரித்துவிட்டார். மறுநாள் காலையில் அண்ணன் இல்லை. போன் நம்பரை மாற்றிக்கொண்டான். அம்மா அதற்கு முன்பே போய்ச் சேர்ந்திருந்தாள். இழுத்துப் பிடிக்க ஆளில்லை.

இந்தக் கம்பெனியில் சேர்ந்த பிறகுதான், நான்கு வருடத்துக்கு முன்பு, அவள் அதைக் கண்டுபிடித்தாள். யார் எப்போது நுழைந்தார்கள் என்று சிஸ்டம் எழுதிவைக்கும் பதிவேட்டில், மாதத்துக்கு ஒரு வரி. எங்கிருந்தோ ஒருவன், தூரத்தில் இருந்தபடியே ஃபைல்களைத் திறக்கும் பழைய எஃப்.டி.பி. வழியாக உள்ளே வருகிறான். அண்ணனின் பழைய பயனர்பெயர். கடைப் படங்கள் இருக்கும் ஃபோல்டரைத் திறக்கிறான். புதிய ஃப்ரேம் படங்களைத் தொடுவதில்லை. அப்பா நிற்கிற படம் எது இருந்தாலும் அதை மட்டும் எடுத்துக்கொண்டு போகிறான்.

அன்றிலிருந்து மாதாமாதம் வெப்சைட்டுக்கு என்று பொய் சொல்லி அப்பாவைப் படம் எடுத்தாள். "என் மூஞ்சியப் பாத்தா கண்ணாடி வாங்கப் போறாங்க?" என்று அவர் சலித்துக்கொள்வார்.

ஒரே ஒருமுறை, அந்த ஃபோல்டரில் ஒரு கடிதம் வைத்தாள். 'அண்ணா, நான்தான். பேசுண்ணா.' அதன்பிறகு ஏழு மாதம் அவன் வரவேயில்லை. யாரோ பார்க்கிறார்கள் என்று தெரிந்ததும் ஓடிவிட்டான் போல. கடிதத்தை அழித்துவிட்டுக் காத்திருந்தாள். எட்டாவது மாதம் அந்த வரி திரும்ப வந்தபோது கழிவறைக்குப் போய் அழுதுவிட்டு வந்தாள். அதன்பிறகு ஒரு எழுத்துகூட எழுதவில்லை. வருகிறான், உயிரோடு இருக்கிறான், அது போதும்.

அந்தச் செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்குப் பக்கத்து அக்கவுண்ட் ஒன்றில் திருடன் புகுந்துவிட்டான். எளிதான பாஸ்வேர்டு, பழைய எஃப்.டி.பி. வழி. அங்கிருந்து போலி வங்கிப் பக்கம் ஒன்றைக் கடைவிரித்திருந்தான். நானூறு பேரின் பாஸ்வேர்டையும் உடனே மாற்ற வேண்டும், பழைய வழியை மொத்தமாக மூட வேண்டும் என்று உத்தரவு வந்தது. செய்ய வேண்டியவள் அவள்.

மேலாளரிடம் போனாள். ஆபீஸில் அவருக்கு வைத்திருக்கும் பெயர் பூட்டு சார்.

"சார், ஒரே ஒரு அக்கவுண்ட்டை மட்டும் இந்த மாசம் விட்டுவைக்கலாமா?"

"யாரோடது?"

"எங்கப்பா கடையோடது."

"உங்கப்பா கடைன்னா திருடன் செருப்பக் கழட்டி வெச்சுட்டு வெளியிலேயே நிப்பானா?" என்றவர், அவள் முகத்தைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "என்னம்மா விஷயம்?"

சொன்னாள். வேறு யாரிடமும் சொல்லாததை அவரிடம் சொன்னாள்.

"அந்தப் பாஸ்வேர்டு என்னன்னு உனக்குத் தெரியுமா?"

"கடைப் பேரு. கூடவே போன் நம்பரோட கடைசி நாலு எண்."

"உங்க கடை போர்டைப் பாத்தாலே நான் அரை நிமிஷத்துல கண்டுபிடிச்சிடுவேன்மா. நானூறு பேரு நம்மள நம்பி வெச்சிருக்காங்க. என் கூடப்பிறந்தவளா இருந்தாலும் இதைத்தான் சொல்லுவேன்."

அவர் சொன்னதில் தப்பில்லை. அதனால்தான் கோபப்படவும் முடியவில்லை. பதினோரு மணிக்குத் தன் விரலாலேயே அந்தப் பொத்தானை அமுக்கினாள்.

மதியம் மனசு கேட்கவில்லை. புது வழியிலாவது பழைய பாஸ்வேர்டையே போட்டுவைப்போம் என்று பார்த்தாள். முன்பு பயன்படுத்திய கடவுச்சொல் ஏற்கப்படாது என்று சிஸ்டம் கையை விரித்துவிட்டது. கடையின் முகப்புப் பக்கத்தில் ஏதாவது எழுதலாம். 'அண்ணா' என்று அடித்தாள். அந்த ஏழு மாதம் நினைவுக்கு வந்தது. அப்பா பார்த்துவிட்டால் என்ற பயமும் சேர்ந்துகொண்டது. அழித்தாள். புதன்கிழமையும் அடித்தாள், அழித்தாள்.

வியாழக்கிழமை மதியம் மூன்று பத்துக்கு அவன் வந்தான்.

பழைய வழி மூடிக்கிடந்ததால் புது வழியில் முயன்றிருக்கிறான். பதிவேட்டில் சிவப்பில் ஒரு வரி. பழைய பயனர்பெயர், நுழைய அனுமதி இல்லை. அரை நிமிடத்தில் இன்னொன்று. கை தவறிவிட்டது என்று நினைத்திருப்பான். மூன்றாவதுக்கு நான்கு நிமிடம் ஆனது. ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்துப் பார்த்து அடித்திருப்பான். நான்காவது. ஹெட்செட்டில் யாரோ அவளைத் திட்டிக்கொண்டிருந்தார்கள். அவள் காதில் விழவில்லை. ஐந்தாவது.

சிஸ்டமே பூட்டிவிட்டது.

பூட்டைத் திறக்க அவளுக்கு அதிகாரம் உண்டு. இரண்டே நொடியில் திறந்தாள். ஆறு மணி வரை திரையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஆறாவது வரி வரவில்லை.

ஆபீஸிலிருந்து நேராகக் கடைக்குப் போனாள். அப்பா யாருடைய ஃப்ரேமுக்கோ திருகாணி முடுக்கிக்கொண்டிருந்தார்.

"அப்பா, அண்ணன்..."

ஏழு வருடமாக அந்தக் கடையில் யாரும் சொல்லாத வார்த்தை. திருப்புளி நின்றது. அவள் எல்லாவற்றையும் கொட்டினாள்.

"எத்தனை நாளா வரான்?" என்றார்.

"எனக்குத் தெரிஞ்சு நாலு வருஷமா."

"வந்து என்ன எடுத்துட்டுப் போவான்?"

"உங்க போட்டோவைப்பா. வேற எதையும் தொட மாட்டான்."

அப்பா கன்னத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டார். "போன மாசம் நான் சவரம்கூடப் பண்ணலையே."

பிறகு அவளை நிமிர்ந்து பார்த்தார்.

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா பாஸ்வேர்டை மாத்தச் சொல்லுவீங்கன்னு பயந்தேன்."

அவர் ஃப்ரேமைப் பெட்டியில் வைத்து மூடினார். மறுபடி திறந்தார். "மாத்தச் சொல்லியிருக்க மாட்டேன்மா." கொஞ்சம் பொறுத்து, "இப்ப அவன் என்ன நெனச்சிருப்பான்? அப்பன் கதவைச் சாத்திட்டான்னுதானே?"

அவள் போனில் கடையின் வெப்சைட்டைத் திறந்தாள்.

"எழுது. முதல் பக்கத்துலேயே, பெருசா. பாஸ்வேர்டை நான் மாத்தலைடா."

"அவ்வளவுதானாப்பா?"

"காலையில ஒன்பது மணிக்குக் கடை திறந்திருக்கும்னு போடு."

"அது ஏற்கெனவே இருக்குப்பா."

"இருந்தா என்ன, இன்னொரு தடவை போடு."

போட்டாள்.

நான்கு மாதமாக அது அங்கேயே இருக்கிறது. "சார், உங்க வெப்சைட்ல யாரையோ டா போட்டுப் பேசியிருக்கீங்களே, என்னையா?" என்று ஒரு வாடிக்கையாளர் கேட்டார். "உங்களை இல்ல சார்" என்று சொல்லிவிட்டு அப்பா பவர் சீட்டை வாங்கிக்கொண்டார். இப்போதெல்லாம் தினமும் சவரம் செய்துகொள்கிறார். தினமும் மாலையில் கேட்கிறார்.

"இன்னைக்கு எத்தனை பேரும்மா பாத்தாங்க?"

"அறுபத்து மூணு பேருப்பா."

"அதுல?"

"முதல் பக்கத்துக்குப் பாஸ்வேர்டு கிடையாதுப்பா. யாரு வந்தாங்கன்னு தெரியாது."

"மதியம் மூணு மணி வாக்குல யாராவது?"

"நாலு பேரு."

"நாலு பேரா?" அவர் முகத்தில் ஒரு வெளிச்சம். "அந்த நாலு பேர்ல ஒருத்தன் அவனா இருக்கலாமில்ல?"

நான்கில் மூன்று, ஊர் உலகத்து வெப்சைட்டையெல்லாம் மேய்ந்துவிட்டுப் போகும் தேடுபொறி எந்திரங்கள். நான்காவது அவளேதான், அப்பா சொன்ன வரி சரியாகத் தெரிகிறதா என்று ஆபீஸிலிருந்து திறந்து பார்த்திருந்தாள்.

"இருக்கலாம்ப்பா" என்றாள்.