கல் வரப்பு

1936, ஐப்பசி. முதல் மழை விட்ட மறுநாள் காலையில் நிலத்தைப் பாகம் பிரித்தார்கள்.

மூத்தவன் பிரிக்க வேண்டும், இளையவன் முதலில் எடுக்க வேண்டும். அந்த ஊரில் அதுதான் வழக்கம். மூத்தவனான சென்னிமலை, மேகாடு என்ற மேட்டு நிலத்தை ஒரு பங்காகவும், கரட்டடிக் காட்டையும் கிணற்றையும் இன்னொரு பங்காகவும் வைத்தான். கரட்டடி முழுக்கக் கல். அதனால்தான் கிணற்றை அதோடு சேர்த்தான். தம்பி நாச்சிமுத்து கிணற்றுக்கு ஆசைப்படுவான், மேகாடு தனக்கு நிற்கும் என்று நினைத்தான்.

மேகாடும் ஒரு காலத்தில் கல்தான். கலப்பையின் கொழு முறியும் என்று அப்பா அதில் ஏர் பூட்டியதே இல்லை. சென்னிமலையின் மனைவி அங்கம்மாள் கல்யாணமாகி வந்த வருஷம், அதில் ஒரு கூடைக் கல் பொறுக்கிக் கிழக்கு எல்லையில் கொட்டினாள். மறுநாளும் கொட்டினாள். காட்டு வேலை முடிந்து எல்லோரும் திரும்பிய பிறகு ஒரு கூடை. பிள்ளை வயிற்றில் இருந்தபோது சின்னக் கூடை. சென்னிமலை மாடுகளை ஓட்டிக்கொண்டு முன்னால் போயிருப்பான். ஏன் இவ்வளவு நேரம் என்று அவளை ஏசியும் இருக்கிறான். கல் வரப்பு இடுப்பு உயரம் வந்தபோது மேகாட்டில் ஏர் ஓடியது. இப்போது கடலை விளைகிறது.

களம் ஈரமாக இருந்ததால் மாட்டுக் கொட்டகையில் கூடினார்கள். ஊர்ப் பெரியவர் அருணகிரி கட்டிலில் உட்கார்ந்திருந்தார்.

"சென்னிமலை, மேகாட்டை உம் பொண்டாட்டியில்ல ஒண்டியா நின்னு திருத்துனா? அதை மட்டும் ஆளுக்குப் பாதியா அறுத்துப் போட்டா என்னப்பா?"

பங்காளிகள் சென்னிமலையைப் பார்த்தார்கள். பொண்டாட்டிக்காக வழக்கத்தை மாற்றினான் என்று நாளைக்குச் சொல்வார்கள்.

"அதெல்லாம் வேண்டாமுங்க. கல்லுப் பொறுக்கறதும் ஒரு வேலைங்களா? பொழுது போகாம செஞ்சதுங்க."

"எங்கூட்டுக்காரி பொழுது போகாட்டி பக்கத்தூட்டுக் கதையையில்ல பொறுக்கறா!" என்றார் ஒரு பங்காளி. எல்லோரும் சிரித்தார்கள்.

மோர்ச் சொம்போடு வந்த அங்கம்மாள் வாசலில் நின்றிருந்தாள். சொம்பைக் கீழே வைத்துவிட்டுப் போனாள்.

"அப்ப நீ எடுத்துக்க சாமி," என்றார் அருணகிரி, நாச்சிமுத்துவிடம்.

"மேகாடுங்க."

"கிணறு வேண்டாமாடா?" என்றான் சென்னிமலை.

"கிணறு நான் வெட்டிக்குவனுங்கண்ணா. அண்ணியாட்டக் கல்லுப் பொறுக்க எங்கூட்டுல ஆளில்லீங்களே."

இந்த முறை யாரும் சிரிக்கவில்லை.

அன்று அங்கம்மாள் ஒன்றும் கேட்கவில்லை. சோறு போட்டாள். கேட்டால் சொல்வதற்கு அவன் பதில் வைத்திருந்தான்: ஊர், பங்காளிகள், வழக்கம். கேட்காததால் அதைச் சொல்ல இடமில்லாமல் போனது.

மறுநாள் கரட்டடியில் ஏர் பூட்டினான். முதல் உழவுச் சாலிலேயே கொழு முறிந்தது. மாடுகளை அவிழ்த்துவிட்டு நின்றான். தூரத்தில் மேகாட்டு வரப்பு மழையில் நனைந்து கருத்துத் தெரிந்தது. அதன் நீளத்தை அவன் அதுவரை பார்த்ததில்லை.

குனிந்து ஒரு கல்லை எடுத்தான். எங்கே போடுவது என்று தெரியவில்லை. கையில் வைத்துக்கொண்டே நின்றான்.

அங்கம்மாள் கையில் சும்மாட்டோடு, இடுப்பில் அதே கூடையோடு வந்தாள். சும்மாடு தேய்த்த உச்சியில் முடி இல்லை. அதையும் அப்போதுதான் பார்த்தான்.

"அங்கம்மா, நேத்து நாஞ் சொன்னது..."

அவள் கூடையை இறக்கி வைத்தாள். அவன் கையிலிருந்த கல்லைப் பார்த்தாள்.

"ஏனுங்க, பொழுது போகலீங்களா?"