ஓகாரம் வராத பெபோஸ்

அத்தீர் மாதம் ஒன்பதாம் நாள், உச்சிவேளைக்குச் சற்று முன்னால், ஷ்மின் நகரத்து நெசவாளி பெபோஸ் தன் வீட்டு முற்றத்தில் தரையிலிருந்து ஆறு முழம் எழும்பி அங்கேயே நின்றுவிட்டான். அன்று சந்தையில் வெங்காயம் மலிவு. அவன் மனைவி தாயேசிஸ் ஒரு கூடை வாங்கிக்கொண்டு திரும்பியபோது முற்றத்தில் நிழல் மட்டும் கிடந்தது. நிழலுக்குரியவன் கூரை விளிம்புக்குச் சமமாக, ஒரு செருப்பு கழன்ற காலோடு மிதந்துகொண்டிருந்தான். அவள் முதலில் செருப்பை எடுத்து ஓரமாக வைத்தாள்.

இப்படி ஏதாவது நடக்கும் என்று அவளுக்குத் தெரியும். பதினோரு வருடங்களாக அவன் எழுத்தர் ஹெராக்லம்மோனின் மாடியறையில் கூடும் சபைக்குப் போய்வந்தான். வானங்கள் ஏழு, வாசல்கள் ஏழு, வாசலுக்கு ஒரு கிரேக்க உயிரெழுத்து என்பது அங்கே பாடம். உயிர்தான் கடவுள், மெய்யெழுத்து உடம்பு, சேறு, சிறை. ஆ, எ, ஏ, ஈ, ஒ, ஊ, ஓ என்று ஏழையும் பிழையில்லாமல் ஒரே மூச்சில் சொன்னவனுக்கு வழி திறக்கும். கோளாறு எங்கே என்றால், ஷ்மின்காரர்களின் நாக்கில் கிரேக்கம் ஒண்டுக்குடித்தனம்தான். ஒகரத்துக்கும் ஓகாரத்துக்கும் அவர்களுக்கு வித்தியாசம் தெரியாது. முதல் ஆறு எழுத்தும் எழுத்துக்கு ஒரு முழமாக அவனைத் தூக்கின. ஏழாவதாக அவன் மறுபடி ஒகரத்தையே சொன்னான். இது ஏற்கெனவே சொன்ன எழுத்து என்று ஏழாம் வாசலின் காவலன் திறக்கவில்லை. இறங்குவதென்றாலும் கடைசி எழுத்தைச் சொல்லித் திறந்து, பின்னோக்கித்தான் வரவேண்டும். ஆகவே பெபோஸ் மேலுமில்லை, கீழுமில்லை.

அந்த உயரத்தில் மெய்யெழுத்து வாயில் நிற்காது. அவன் உயிரெழுத்தாகக் கத்துவான். அது ரொட்டியா, பீரா, வெங்காயமா என்று அவள் ஊகிக்க வேண்டும். மொட்டைமாடியில் ஏறி, ஊகித்ததைத் தறிக்கோலின் நுனியில் மாட்டி நீட்டுவாள். அடுத்த வீட்டு சென்திரிஃபி இதையெல்லாம் மீன் காயவைத்தபடியே பார்த்தாள்.

"என்னடி, பரலோகம் போறேன்னு கிளம்புன ஆளு எங்க மாடி வரைக்கும்தான் வந்திருக்காரு?"

"வழி கேக்கத் தெரியாத மனுஷன்க்கா அவரு."

நான்காம் நாள் அவன் புதிதாக ஒன்றைக் கத்தினான். ஆ, ஏ, இ. தறியில் இருந்த அவள் கை நின்றது. ரொட்டிக்கு அப்படி வராது, பீருக்கும் வராது. ஆ, ஏ, இ. எலும்பெல்லாம் உருவிய பிறகு மிஞ்சிய அவள் பெயர் அது. முந்நூற்றறுபத்தைந்து தேவதூதர்களின் பெயர்களை மனப்பாடம் செய்ய இடம் போதாமல், கல்யாணமான இரண்டாம் வருடமே அவன் அவள் பெயரை மறந்திருந்தான். "இந்தா" என்றுதான் கூப்பிடுவான். அதற்காக அவள் அழுததில்லை. பெயர் என்ற ஒன்று தனக்குத் தேவையா என்று மட்டும் சிலசமயம் யோசிப்பாள். இப்போது நூல் அறுந்ததுகூடத் தெரியாமல் உட்கார்ந்து, அது இன்னொரு முறை வருமா என்று காத்திருந்தாள். வந்தது.

சபையார் காதிலும் அது விழுந்தது. ஆறாம் வானத்திலிருந்து அருளப்பட்ட திருநாமம் என்று அதைப் பச்சைக்கல்லில் செதுக்கிக் கழுத்தில் கட்டிக்கொண்டார்கள். ஒரு மாதத்தில் பிரசவக்காரிகளும் படகோட்டிகளும் சளிபிடித்த ஒரு கழுதையும் அவள் பெயரை அணிந்திருந்தன. தாயேசிஸ் ஹெராக்லம்மோனிடம் நேராகவே சொன்னாள்.

"ஐயா, அது எம் பேருங்க."

"உம் பேரா? உம் பேரு என்னம்மா?"

பதினோரு வருடங்களாக அவள் நெய்த ஆடையைத்தான் அவர் உடுத்தியிருந்தார். அவள் சொன்னாள். அவர் கண்ணை மூடி அதை எடைபோட்டார்.

"அதுல மெய்யெழுத்து ஒட்டியிருக்கே தாயீ. கடவுள் பேருல சேறு இருக்குமா? நாளைக்குக் காலையில கயிறு கட்டி அவரை எங்க மாடிக்கு இழுத்துட்டுப் போறோம். இனிமே அவரு சபைச் சொத்து."

"ரொட்டி?"

"அதை நீயே கொடுத்தனுப்பு."

ஓகாரம் அவளிடம் இருந்தது. பாவு நூல் சுற்றிய கனத்த தறிக்கட்டையை இரண்டு பெண்கள் சேர்ந்து தூக்கும்போது ஷ்மின் நெசவுக்காரிகள் விடும் குரல் அதுதான்; அடிவயிற்றிலிருந்து நீளமாக வரும். அது ஒரு எழுத்து என்று யாரும் நினைத்ததில்லை. அவள் மட்டும் இரண்டாம் நாளே கண்டுகொண்டு, சொல்லாமல் வைத்திருந்தாள். வாசல் திறந்தால் அவன் ஏழாம் வானத்துக்குள் போய்விடலாம். பதினோரு வருடமாக அவன் கேட்டதே அதுதான். சொல்லாவிட்டால் நாளைக்குக் கயிறு. அன்று மாலை அவள் மாடியில் ஏறி நின்று, ஒருமுறை மட்டும், "ஓஓ" என்றாள். பெபோஸ் கேட்டான். வாயைக் குவித்துத் திருப்பிச் சொன்னான். எங்கோ தாழ்ப்பாள் விலகியது. அவன் தலைக்கு மேல் கதவளவு வெளிச்சம் விழுந்தது. அவன் அண்ணாந்து பார்த்தான். நெடுநேரம் பார்த்தான். அவள் பார்க்கவில்லை, மாடியிலிருந்து இறங்கி முற்றத்துக்கு வந்து, சுவரைப் பார்த்து நின்றாள்.

"ஊ" என்று கேட்டது. அவன் ஒரு முழம் இறங்கியிருந்தான். பிறகு ஒ, ஈ, ஏ, எ. தரைக்கு ஒரு முழ உயரத்தில் மெய்யெழுத்துகள் கொசுக்கூட்டம்போல் மொய்த்துக்கொண்டிருந்தன. அவை அவன் வாய்க்குள் புகுந்ததும் இருமினான், இருமி முடித்து, மெய்யும் உயிருமாகச் சொன்னான்: "தாயேசிஸ்."

மீதியிருந்தது 'ஆ' ஒன்றுதான். அதற்காக அவன் வாயைத் திறந்தபோது அவள் கையால் பொத்தினாள்.

"போதும். அங்கேயே இருங்க. தரையில இருந்தப்போ உங்களைப் பாத்துட்டேன்."

காலையில் கயிற்றோடு வந்த சபையார், மெய்யெழுத்து பேசுகிறவன் தங்களுக்கு ஆகாது என்று திரும்பிப்போனார்கள். அடுத்த குடிக்கணக்கெடுப்பின்போது வந்த அதிகாரி பெபோஸின் வயது, வலது கன்னத்துத் தழும்பு, தரையிலிருந்து ஒரு முழம் என்று மூன்றையும் எழுதிக்கொண்டார். பத்தொன்பது வருடம் அவன் அந்த உயரத்திலேயே வாழ்ந்தான். முக்காலி போடாமல் தறியின் மேல்கட்டையை எட்டுவான் என்பதால், அந்தத் தெருவில் பாவு பூட்டுகிற வீடுகளெல்லாம் முதலில் அவனைத்தான் கூப்பிட்டன. தாயேசிஸைக் கேட்டுவிட்டு வருகிறேன் என்பான்.