நாலு மில்லிமீட்டர்

அந்த மகள் தன் அப்பா வீட்டுக் கதவைத் தட்டியது வெள்ளிக்கிழமைதானா என்று இப்போது எனக்கே உறுதியில்லை. இந்தக் கதையைப் பிறர் சொல்லிக் கேட்டபோது கிழமை தெளிவாக இருந்தது. நினைத்து நினைத்துத் தேய்ந்துவிட்டது. வெள்ளி என்றே வைத்துக்கொள்வோம்.

தடயவியல் ஆய்வகத்தில் ஒருத்தி இருந்தாள்; ஈக்காரி என்றால்தான் அவளைத் தெரியும். பிணம் கிடந்த இடத்திலிருந்து வரும் ஈக்களின் படங்களைப் பெரிதாக்கி, கன்னத்தின் நிறமும் சிறகு நரம்பு வளையும் இடமும் பார்த்து இனத்தைச் சொல்வாள். பிறகு புழுவின் நீளத்தை அளப்பாள். இரண்டும் தெரிந்தால் முட்டையிட்ட நாள் தெரியும். ஆள் இறந்ததும் ஏறக்குறைய அப்போதுதான்.

"வேலையத்தவன்தான் ஈ ஓட்டுவான். நமக்கு ஈதான் சோறு போடுது," என்பார், அந்த இடங்களுக்குப் போய்ப் புழுவையும் சேகரித்து வரும் படம் எடுப்பவர்.

தனியாக வாழ்ந்த ஒரு முதியவர், சனிக்கிழமை இறந்ததாக அறிக்கை போயிற்று. சில நாளில் அவர் மகள் வந்து ஈக்காரியின் மேசை முன்னால் உட்கார்ந்தாள்.

"வெள்ளிக்கிழமை நான் போய்த் தட்டினேன் மேடம். திறக்கலை. எங்களுக்குள்ள பேச்சுவார்த்தை கிடையாது. நானும் வீம்புக்குத் திரும்பிட்டேன். அப்ப அப்பா உயிரோடதான் இருந்தாரா?"

உள்ளே போய்க் காப்பாற்றியிருக்கலாமா என்பதுதான் கேள்வி. ஈக்காரி அறிக்கையை எடுத்து முன்னால் வைத்துக்கொண்டாள்.

"மறுபடி பாக்கிறேன்மா. நாளைக்கு வாங்க."

பார்த்தாள். இனத்தில் பிழையில்லை; கன்னம் ஆரஞ்சு, உடல் நீலம். ஆனால் முன்பு அளந்த, குப்பியில் இருந்த புழுக்கள் கறுத்து வளைந்து கிடந்தன. அந்த வீட்டிலேயே அளவுகோலோடு எடுத்த படங்களைத் தேடினாள். ஊரும் புழு நீளும், குறுகும். பல படங்களை அளந்து சராசரி எடுத்தாள். அறிக்கையில் இருந்ததைவிட நாலு மில்லிமீட்டர் கூடுதல்.

"கொதிதண்ணில போடாம நேரா ஸ்பிரிட்ல போட்டீங்களா?"

"அங்க ஏதும்மா கொதிதண்ணி? நாத்தத்துல நிக்க முடியலை. உயிரோடயே போட்டுட்டேன்," என்றார் படம் எடுப்பவர்.

அப்படிப் போட்டால் புழு சுருங்கும். வயது குறைத்துக் காட்டும். குளிர்ந்த அறையில் புழு மெதுவாகத்தான் வளரும்; நாலு மில்லிமீட்டர் என்றால் இரண்டு நாளுக்கு மேல். புதுக் கணக்கு, வியாழன் காலைக்கு முன்பே என்றது.

மறுநாள் மகளிடம் அதைச் சொன்னபோது ஈக்காரிக்கே நெஞ்சு லேசாயிற்று.

"நீங்க தட்டினப்ப அவர் இல்லைம்மா. வியாழன் விடியறதுக்கு முன்னாடியே போயிட்டார். உங்க மேல ஒண்ணும் இல்லை."

வெளியே யாரோ நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்கள். மகள் தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்ப இருமினது யாரு?"

"எங்கேம்மா?"

"உள்ள. நான் தட்டினதும் இருமினாரு. அப்பா இருமல் எனக்குத் தெரியாதா? அதைக் கேட்டுத்தானே, இருந்துக்கிட்டே திறக்கலைன்னு திரும்பினேன்."

பக்கத்து வீடாக இருக்கலாம் என்றாள் ஈக்காரி. பக்கத்து வீடு காலி என்றாள் மகள்.

அவள் போனபின் ஈக்காரி திரும்பவும் அளந்தாள். அளவு மாறவில்லை.

திருத்திய அறிக்கையே நிலைத்தது. படம் எடுப்பவரை வேறு பிரிவுக்கு மாற்றினார்கள். மகள், அப்பா இருந்த வீட்டுக்கே குடிபோய்விட்டாள். இன்றும் அங்கே தனியாக இருக்கிறாள். ஈக்காரி இன்னும் புழுக்களை அளக்கிறாள்.