கழுத்து விரிக்கும் தண்டு

என் புருஷன் ராய்ஸுக்கு மலையாட்டு வேட்டைச் சீட்டு விழுந்த ஜூன் மாதத்திலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. இருபத்தெட்டு வருஷமாகக் குலுக்கலுக்கு விண்ணப்பம் போட்டுக் கை ஓய்ந்துபோனவன் அவன். பெருங்கொம்புக் கிடா ஒன்று சுடலாம், ஒரே ஒன்று. அதுவும் இந்த வருஷம்தான். டிசம்பரில் அவனுடைய வலது முட்டியை மாற்றப்போகிறார்கள். அதற்கப்புறம் அந்தப் பாறைச் சரிவில் ஏறுவதாவது!

எங்கள் வீட்டில் வேட்டை அவன் பாடு, தோட்டா என் பாடு. பதினாறு வருஷமாக ஆயிரம் கெஜப் போட்டிகளில் சுடுகிறேன். கடைத் தோட்டாவைக் கையால் தொடமாட்டேன். சுட்ட பித்தளைக் கூட்டை எடுத்து, அச்சில் நெரித்து, குண்டு உட்காருகிற கழுத்தை விரித்து, வெடிமருந்து கொட்டி, குண்டு செருகுவது வரை எல்லாம் நான்தான். ரோதனை அந்தக் கழுத்தில்தான்.

அச்சோடு ஓர் உருண்டை வந்தது. கழுத்துக்குள்ளிருந்து வெளியே வரும்போது அது கழுத்தையே கோணலாக இழுத்துவிடும். முதல் நாளே கழற்றி எறிந்தேன். மேலிருந்து நேராக இறங்கி விரிக்கிற தண்டுதான் சரி. ஆனால் என்னிடம் இரண்டு தண்டுகள் இருந்தன. மெல்லியதால் விரித்தால் கழுத்து குண்டை இறுக்கிப் பிடிக்கும். தடித்ததால் விரித்தால் லேசாகப் பிடிக்கும். இரண்டுக்கும் வித்தியாசம் ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு. ஜூலை முழுக்க இதைக் கழற்றி அதை மாட்டினேன், அதைக் கழற்றி இதை மாட்டினேன்.

"ஆடு வந்து கழுத்தளவு கேக்கப்போகுதாக்கும்! ஏதோ ஒண்ண மாட்டித் தொலையேன்" என்றான் ராய்ஸ்.

"உனக்கென்ன, விசையை அமுக்கத் தெரியும். குண்டு நேராப் போகணும்னா நான்ல சாகணும்?"

துப்பாக்கியை மேஜையில் வைத்து, தடித்த தண்டில் செய்த ஐந்து தோட்டாக்களை ஒவ்வொன்றாகப் போட்டுச் சுட்டேன். இருநூறு கெஜத்தில் ஐந்தும் ஒரே ஓட்டை! அந்தத் தாளைக் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டி, வருகிறவர் போகிறவருக்கெல்லாம் காட்டினேன். தலைகால் புரியவில்லை எனக்கு. வேட்டைத் தோட்டாவையும் அதே தண்டில்தான் செய்தேன்.

செப்டம்பரில் இரண்டு பேரும் மலையேறினோம். இரண்டாம் நாள் ராய்ஸ் சறுக்கி விழுந்ததில் துப்பாக்கி பாறையில் இடித்தது. குறி நகர்ந்திருக்குமோ என்று கூடாரத்துக்குப் பக்கத்தில் ஒரு குண்டு சுட்டுப் பார்த்தான். குறி சரியாகவே இருந்தது. போன ஒன்றுக்குப் பதில் புதிதாக ஒன்றைத் துப்பாக்கியின் தோட்டா அறையான மேகசினில் போட்டு, மறுபடி நாலாக்கிக்கொண்டான். தோட்டாப் பெட்டியைக் கூடாரத்திலேயே விட்டுவிட்டு மறுநாள் மேலே போனோம்.

முந்நூறு கெஜத்தில் நின்றது கிடா. ராய்ஸ் வயிற்றைத் தரையில் வைத்துப் படுத்தான். முந்தின நாள் சுட்டபோது மேகசினில் கிடந்த மற்ற மூன்றையும் எடுத்துப் பார்க்கவில்லையே என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"மேகசினக் கழட்டு" என்று கிசுகிசுத்தேன்.

"இப்பவா? உனக்கென்ன பைத்தியமா?"

"கழட்டுன்னா கழட்டு!"

மேலே இருந்த புதுத் தோட்டா நன்றாக இருந்தது. கீழே இருந்த மூன்றிலும் குண்டு கூட்டுக்குள் இறங்கிக் கிடந்தது. போட்டியில் நாங்கள் ஒவ்வொரு தோட்டாவாகக் கையால் வைத்துச் சுடுகிறவர்கள். எங்களுக்கு மேகசினே கிடையாது. துப்பாக்கி உதைக்கும்போது உள்ளே காத்திருக்கிற தோட்டாக்கள் மேகசினின் முன்சுவரில் போய் முட்டும் என்பது என் மரமண்டைக்கு எட்டவேயில்லை. மெல்லிய தண்டைப் போட்டிருந்தால் பிடி விட்டிருக்காது. இப்படி இறங்கிப்போனதைச் சுட்டால் துப்பாக்கி முகத்திலேயே வெடித்தாலும் வெடிக்கும்.

"ஒண்ணு நல்லாருக்கு. அதப் போட்டுச் சுடு, ராய்ஸ்."

"அடிபட்டுட்டு அந்தப் பக்கம் இறங்கிருச்சுன்னா? ரெண்டாவதுக்கு எங்க போவேன்?"

"உன் குறி தப்பாது."

"என் குறி தப்புனதெல்லாம் உனக்குத் தெரியாதா, லவோன்?" என்றான். குற்றுயிராக ஒரு பிராணியை மலையில் விட்டுவிட்டு வருகிறவன் இல்லை அவன். துப்பாக்கியைத் தாழ்த்திவிட்டான். கிடா நிதானமாகப் புல் மேய்ந்துவிட்டு முகட்டுக்கு அப்பால் போயிற்று.

இறங்கி வருவதற்குள் அவன் முட்டி பூசணிக்காயாக வீங்கிவிட்டது. இனி ஏறவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அவன் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. திட்டித் தொலைத்திருந்தால் கொஞ்சம் தூங்கியிருப்பேன்.

ஞாயிற்றுக்கிழமை வழக்கம்போல டார்லாவின் காப்பிக் கடைக்குப் போனோம்.

"என்னப்பா, கிடா எங்க?" என்றாள் டார்லா.

"முட்டி காலை வாரிடுச்சு. பாதி மலையிலயே உக்காந்துட்டேன்" என்றான் ராய்ஸ்.

"இருபத்தெட்டு வருஷம் காத்திருந்து, ஆட்டைக் கண்ணால கூடப் பாக்காம இறங்குனவன் நீ ஒருத்தன்தான்யா!" என்றார் பக்கத்து மேஜைக்காரர். கடையே சிரித்தது. ராய்ஸும் கூடச் சேர்ந்து சிரித்தான்.

நான் எழுந்துவிட்டேன்.

"முட்டி இல்ல. நான்தான். நான் செஞ்ச தோட்டா. தடிச்ச தண்ட மாட்டி அவன் கிடாவக் கெடுத்தது நான்."

சிரிப்பு நின்றது. "உக்காருடி" என்று ராய்ஸ் என் கையைப் பிடித்து இழுத்தான்.

"அப்ப... கிடாவப் பாத்தியா நீ?" என்று அவனைக் கேட்டாள் டார்லா, காப்பிக் கெண்டியைப் பிடித்தபடி.

ராய்ஸ் என் கையை விட்டான்.

"பாத்தேன்" என்றான். குரல் உடைந்துவிட்டது. "கொம்பு முழு வட்டம், டார்லா. ஒரு பக்க நுனி தேஞ்சிருந்துச்சு. வெயில் பட்டு..."

மலையிலிருந்து இறங்கிய பன்னிரண்டு நாளில் அந்தக் கிடாவைப் பற்றி அவன் என்னிடம்கூட வாய் திறந்ததில்லை. இப்போது இரண்டு கையையும் விரித்து, கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சொல்லிக்கொண்டிருந்தான்.