சொந்த விருப்பத்தின் பேரில்

"அதை எழுதிக் கொடுங்க சார்" என்றாள் மஹோ.

மேசைக்கு நடுவில் நிறுத்தியிருந்த கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் இருந்த இரண்டு பேரும் ஒரே நேரத்தில் மேசையைப் பார்த்தார்கள். ஒருவர் பணியாளர் பிரிவுத் தலைவர் நெகிஷி. இன்னொருத்தி அவருக்கு ஒரு நாற்காலி தள்ளி உட்கார்ந்து மடிக்கணினியில் குறிப்பெடுத்துக்கொண்டிருந்த தேஷிமா. வேலைக்குச் சேர்ந்து ஆறு மாதம் ஆகியிருக்கும். அவளுடைய விரல்கள் அந்தரத்தில் நின்றன. இதைக் குறிப்பில் எழுதுவதா வேண்டாமா என்று அவளுக்குத் தெரியவில்லை.

"எதைச் சொல்றீங்க ஹிஜிகுரோ-சான்?" என்றார் நெகிஷி, மஹோவைக் குடும்பப் பெயரால் அழைத்து, முகக்கவசத்துக்குள்ளிருந்து.

"இப்பத்தானே சொன்னீங்க. பயிற்சி மறுபடி ஆரம்பிச்சா எங்களைத்தான் முதல்ல கூப்பிடுவோம்னு. அந்த ஒரு வரி. தேதி போட்டு, கம்பெனி பேர் போட்டு."

கேட்கவே கூடாது என்று கூடப் பயிற்சிக்குச் சேர்ந்த தத்சுமி படித்துப் படித்துச் சொல்லியிருந்தான். சனிக்கிழமை மதியம், பெட்டி ஏற்றும் வண்டியின் நிழலில் உட்கார்ந்து சோற்று உருண்டையைப் பிரித்துக்கொண்டே சொன்னான். "ஹிஜி, திங்கட்கிழமை போறப்ப உன் வாயை விடுதியிலயே வெச்சுப் பூட்டிட்டுப் போ. எப்பன்னு கேளு, தலையைச் சொறிவாங்க. ஏன்னு கேளு, நோயைக் காட்டுவாங்க. எழுதிக் கொடுங்கன்னு மட்டும் கேட்டுடாத. அது நீ பொய்யன்னு மூஞ்சிக்கு நேரா சொல்ற மாதிரி."

"பொய்யன் இல்லைன்னா எழுதறதுல என்ன கஷ்டம்?"

"பாத்தியா, இதான். இந்த வாய்க்கே உன்னை விமான ரேடியோல பேச விடமாட்டாங்க."

தத்சுமியின் வீட்டில் மூன்று தலைமுறையாக ஆபீஸ் பார்த்தவர்கள். சொல்லாததைக் காதில் வாங்குவதும், சொன்னதைக் காதில் வாங்காமல் விடுவதும் அவனுக்குப் பாலோடு ஊட்டப்பட்டவை. மஹோவின் அம்மா கியூஷூ தீவின் தென்கோடித் துறைமுகத்தில் மாசிக்கருவாடு போடும் ஆலையில் சூரை மீனுக்கு முள் எடுக்கிறவள். அப்பா அங்கேயே ஏலக்கூடத்தில் பெட்டி இழுக்கிறவர். அந்த ஊரில் வேண்டும் என்றால் வேண்டும். வேண்டாம் என்றால் மீனைக் கீழே போட்டுவிட்டு அடுத்த ஆளிடம் போவார்கள். அந்த வீட்டிலிருந்து கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் அவள். அங்கே எல்லாவற்றுக்கும் பாடப்புத்தகம் இருந்தது, இதற்கு மட்டும் இல்லை.

இரண்டரை வருடத்துக்கு முன் இந்த விமானக் கம்பெனி தன் செலவிலேயே விமானிகளாக்க இருபத்தாறு பேரைத் தேர்ந்தெடுத்தது. முதல் வருடம் தரைவேலை பழக வேண்டும், அடுத்த வருடம் பறக்கப் பழகலாம் என்பது வழக்கம். அந்த அடுத்த வருடம் வந்தபோது தொற்றுநோய் வந்தது. விமானங்களின் இயந்திர வாய்களில் சிவப்பு மூடியை மாட்டி வரிசையாக நிறுத்தினார்கள். தரைவேலை அப்படியே நீண்டது. பெட்டி ஏற்றுவது, சக்கரத்துக்குக் கட்டை கொடுப்பது, புறப்படும் விமானத்துக்கு வரிசையாக நின்று இரண்டு கையையும் ஆட்டி வழியனுப்புவது. பழைய தரைப் பணியாளர்கள் அவர்களைக் 'கேப்டன்' என்றே கூப்பிட்டார்கள். "கேப்டன், அந்தப் பச்சைப் பெட்டி கனம், ரெண்டு கேப்டனாப் பிடிங்க." மற்றவர்கள் பயணிகளின் சன்னல்களைப் பார்த்துக் கையாட்டுவார்கள். மஹோ விமானத்தின் மூக்குக்குப் பக்கத்தில் இருக்கும் வலது சன்னலை மட்டும் பார்ப்பாள். துணை விமானியின் கை ஒரு கணம் உயர்ந்து இறங்கும். அந்தக் கையின் மேல் அவளுக்கு ஆசை இல்லை, கோபம்தான். அது தன்னுடைய கை என்ற கோபம்.

இப்போது கம்பெனி கேட்டுக்கொள்கிறது. உத்தரவு என்று எதுவும் இல்லை, கேட்டுக்கொள்கிறது. பயிற்சி மாணவர்கள் எல்லோரும் பொதுப் பணிப் பிரிவுக்கு மாறி ஆபீஸ் வேலைக்கு வந்துவிடலாம். இரண்டு வாரத்துக்கு முன்பு இதே நெகிஷி எல்லோரையும் கூட்டிவைத்து இடுப்பு வரை குனிந்து, "இன்னும் எதுவும் முடிவாகல. முதல்ல உங்க விருப்பத்தைக் கேக்கணும்னுதான் வந்திருக்கோம்" என்றார். அதற்கப்புறம் ஒவ்வொருவராக இந்த அறைக்கு வந்து போனார்கள். தத்சுமி உட்பட இருபத்து நான்கு பேர். பாக்கி மஹோவும், அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று ஊருக்குப் போயிருக்கிற ஒருவனும்.

அவள் முன்னால் இருந்த தாளில் ஒரே ஒரு வாக்கியம் அச்சாகியிருந்தது. 'எனது சொந்த விருப்பத்தின் பேரில், விமானிப் பயிற்சிப் பிரிவிலிருந்து பொதுப் பணிப் பிரிவுக்கு மாற்றித் தருமாறு வேண்டுகிறேன்.' கீழே பெயருக்கு ஒரு கோடு. அதன் பக்கத்தில் அவரவர் பெயர் முத்திரைக்கு ஒரு சின்ன வட்டம், அது பதிந்தால்தான் தாள் செல்லும். சொந்த விருப்பத்தில் போனவர்களைத் திரும்பக் கூப்பிட வேண்டிய கடமை யாருக்கும் இல்லை. வானம் திறக்கிற அன்றைக்குக் கல்லூரியிலிருந்து புதுசாக இருபத்தாறு பேரை எடுத்துக்கொள்ளலாம்.

"எழுத்துன்னு வந்துட்டா அது வேற மாதிரி ஆயிடும்" என்றார் நெகிஷி. "சட்டப் பிரிவு, மேலிடம்னு போகும். நமக்குள்ள நம்பிக்கை இருக்கறப்ப அதெல்லாம் எதுக்கு?"

"அப்ப என்கிட்ட மட்டும் எதுக்கு சார் எழுதி வாங்கறீங்க? எனக்கு மை, உங்களுக்குக் காத்தா?"

தேஷிமாவுக்கு இருமல் வந்தது.

"எல்லாரும் இப்படித்தான் கொடுத்திருக்காங்க. இருபத்து நாலு பேர்."

"இருபத்து நாலு பேருக்கும் ஒரே வாரத்துல ஒரே விருப்பம் வந்துச்சா?"

நெகிஷி கோபப்படவில்லை. அவர் கோபப்பட்டு யாரும் பார்த்ததில்லை. கெட்டவரும் இல்லை. வேலைக்குச் சேர்ந்த நாளில் இருபத்தாறு பெயரையும் தாள் பார்க்காமல் சொன்னவர். ஹிஜிகுரோ என்ற பெயரில் எல்லோரும் தடுக்கி விழுவார்கள், அவர் விழவில்லை. அதை முந்தின நாளே சொல்லிப் பழகியிருக்க வேண்டும் என்று மஹோவுக்கு அன்றைக்கே தோன்றியது, கொஞ்சம் மனசும் நிறைந்தது.

"போடலைன்னா என்ன ஆகும்?" என்று கேட்டாள்.

"ஒண்ணும் ஆகாது. உங்களை யாரும் ஒண்ணும் பண்ண முடியாது. இப்ப இருக்கற மாதிரியே இருக்கலாம், பெட்டி ஏத்திக்கிட்டு. ஒரு வருஷமோ, அஞ்சு வருஷமோ." அவர் நிஜமான வருத்தத்தோடு சொன்னார். "உங்களுக்கு இருபத்தஞ்சு வயசு. முப்பது வயசுல முதல் பாடம் எடுக்க உக்காரணும்னா... நான் உங்க அப்பா வயசுக்காரன், அதனால சொல்றேன். கௌரவமா உள்ள வந்துடுங்க."

அதில் பொய் எதுவும் இல்லை. அதுதான் அவளுக்கு எரிச்சல். அன்றைக்குக் காலையில் அவள் கையெழுத்துப் போடத்தான் கிளம்பி வந்திருந்தாள். அந்த ஒரு வரி கிடைத்தால் போட்டுவிடுவது, கிடைக்காவிட்டாலும் போட்டுவிடுவது. முத்திரை சட்டைப்பையில் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை அம்மா போன் பண்ணியிருந்தாள்.

"ஆபீஸ்னா நாற்காலி இருக்குமில்ல?"

"இருக்கும்மா."

"பின்ன என்னடி? முப்பது வருஷமா நின்னுக்கிட்டே முள்ளு எடுத்தவ நான். உக்காந்து வேலை பாக்கறதுல என்ன குறைச்சல்?"

"விமானியும் உக்காந்துதாம்மா வேலை பாப்பாங்க."

"அதுக்கு விமானம் பறக்கணுமே" என்றாள் அம்மா. குத்திக் காட்டச் சொல்லவில்லை, மழை வருமா என்று கேட்கிற மாதிரிதான் சொன்னாள். போனை வைத்ததும் அறைச் சுவரைப் பார்த்தாள். விமானி அறையின் படம், உண்மை அளவில், எட்டுத் தாள்களில் அச்சடித்து ஒட்டியது. விமானியின் தலைக்கு மேலே வரும் பொத்தான்களின் மேற்பலகைத் தாள் மட்டும் கூரையில். இரண்டு வருடமாக வேலை முடிந்து வந்ததும் அதற்கு முன்னால் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, ஒவ்வொரு பொத்தானாக விரலைக் கொண்டுபோய், வாயால் சொல்லி, இல்லாத விமானத்தை ஏற்றி இறக்குவாள். கண்ணை மூடிக்கொண்டாலும் விரல் சரியான இடத்துக்குப் போகும். பக்கத்து அறைக்காரி சுவரைத் தட்டி, "இன்னைக்கு எங்க இறங்கின?" என்று கேட்பாள். மழைக்காலத்தில் நாடா ஈரத்தில் விட்டுப்போய் மேற்பலகை இரண்டு தடவை அவள் முகத்திலேயே விழுந்திருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை மதியம் எட்டுத் தாளையும் பிய்த்துச் சுருட்டி, ரப்பர் வளையம் போட்டு, எரிக்கிற குப்பையோடு வைத்தாள். குப்பை வண்டி செவ்வாய்க்கிழமை காலையில் வரும்.

மஹோ பேனாவை எடுத்தாள். கோட்டின் மேல் தன் பெயரை எழுதினாள். நெகிஷி மெதுவாக மூச்சு விட்டது கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம் கேட்டது.

முத்திரையை எடுக்கக் கை சட்டைப்பைக்குப் போனது. அந்த இடத்தில் ஏதோ ஒன்று இடறியது. இன்னும் ஒரு நாள், ஒரே ஒரு நாள் என்று மனசு எருமைமாடு மாதிரி நின்றுவிட்டது.

"முத்திரை கொண்டு வரல சார். நாளைக்குக் கொண்டு வரேன்."

"ஓ, அதுக்கு நாங்க ஏற்பாடு பண்ணியிருக்கோம்!" என்றாள் தேஷிமா. அந்த அறையில் அவள் வாயைத் திறந்தது அதுதான் முதல் தடவை. தன்னால் தீர்க்கக்கூடிய ஒரு சங்கடம் கடைசியில் வந்துவிட்ட சந்தோஷம் அவள் கண்ணில் தெரிந்தது. பக்கத்திலிருந்த அட்டைப் பெட்டியைத் துழாவி ஒரு சின்ன டப்பாவை எடுத்து, இரண்டு கையாலும் பிடித்து, தடுப்பின் அடியில் இருந்த இடைவெளி வழியாக நீட்டினாள். மஹோ திறந்தாள். பஞ்சு மேல் ஒரு முத்திரை. திருப்பிப் பார்த்தாள். தலைகீழாக, புத்தம் புதிதாக, ஹிஜிகுரோ.

சின்ன வயதில் எழுதுபொருள் கடைக்குப் போகும்போதெல்லாம், விற்பனைக்கு வைத்திருக்கும் முத்திரைகளின் சுழல் தட்டைச் சுற்றிச் சுற்றிப் பார்ப்பாள். வகுப்பில் இருக்கிற அத்தனை பேர் பெயரும் அதில் இருக்கும், அவள் பெயர் இருக்காது. கல்லூரிக்குக் கிளம்பும்போது அப்பா நகரத்துக்குப் போய்ச் செதுக்கக் கொடுத்தார். வந்துசேரப் பன்னிரண்டு நாள் ஆனது. அதனால் கல்லூரி விடுதியில் சேர்வதே தள்ளிப்போனது. இந்தப் பெயர் எந்தக் கடையிலும் தயாராக இருக்காது. யாராவது முன்கூட்டி நினைத்து, தாளில் எழுதிக் கொடுத்து, காத்திருந்து வாங்கினால்தான் உண்டு.

"இது எப்பச் செய்யக் கொடுத்தீங்க?"

"கடையில கிடைக்கல. உங்க பேர் ரொம்ப அபூர்வம், இல்லையா? அதனால ஆகஸ்ட் கடைசியிலயே செதுக்கக் கொடுத்துட்டோம். ஆனாலும் போன வாரம்தான் வந்துச்சு." தேஷிமா உட்கார்ந்தபடியே தலை குனிந்தாள். "தாமதத்துக்கு மன்னிக்கணும்."

நெகிஷி கண்ணை மூடினார்.

ஆகஸ்ட் கடைசி. இன்று அக்டோபர் நாலு. இவர் எல்லோர் முன்னாலும் குனிந்து, இன்னும் எதுவும் முடிவாகவில்லை, உங்கள் விருப்பத்தைக் கேட்க வந்திருக்கிறோம் என்று சொன்னது செப்டம்பர் பாதி தாண்டி. அவர் குனிந்து நின்ற அந்த நேரத்தில் எங்கோ ஒரு கடையில் ஒருவன் கண்ணில் உருப்பெருக்கி வில்லையை மாட்டிக்கொண்டு அவளுடைய விருப்பத்தைச் செதுக்கிக்கொண்டிருந்திருக்கிறான். அட்டைப் பெட்டியை எட்டிப் பார்த்தாள். அதில் இன்னும் வரிசையாக டப்பாக்கள் இருந்தன, ஒவ்வொன்றிலும் ஒரு பெயர் ஒட்டியிருந்தது. யாருக்கும் எந்தச் சிரமமும் வரக்கூடாது என்று பார்த்துப் பார்த்துச் செய்திருந்தார்கள். முதல் நாள் அவள் பெயரைத் தடுக்காமல் சொன்ன அதே அக்கறை.

அவளுக்குச் சிரிப்பு வந்தது. கவசத்துக்குள்ளேயே சிரித்தாள்.

"நல்லா இருக்கு. எங்க அப்பா வாங்கிக் கொடுத்ததை விட எழுத்து தெளிவா இருக்கு" என்றாள்.

"ஹிஜிகுரோ-சான்" என்றார் நெகிஷி. முதல் முறையாக அவர் குரலில் ஒரு விரிசல். "இது வந்து... நீங்க நினைக்கற மாதிரி..."

"நான் ஒண்ணும் நினைக்கல சார். என்னை நினைக்க விட்டாத்தானே."

டப்பாவை மூடிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டாள். தாளை எடுத்து இரண்டாக மடித்தாள், பிறகு நான்காக. தேஷிமா பதறி எழுந்துவிட்டாள்.

"அது... அந்தப் பேப்பர் எங்ககிட்ட..."

"என் சொந்த விருப்பம்னுதானே போட்டிருக்கு. என்கிட்டயே இருக்கட்டும்."

"அப்ப, நீங்க மாறல?" என்றார் நெகிஷி. இப்போது அவர் அவளை நிமிர்ந்து பார்த்தார்.

"மாறல. பயிற்சி மாணவின்னுதான் என்னைச் சேர்த்தீங்க, மாணவியாவே இருக்கேன். அஞ்சு வருஷம்னாலும். வேண்டாம்னா கம்பெனி வேண்டாம்னு நீங்க எழுதுங்க, உங்க முத்திரையை வெச்சு. அது எப்படியும் தயாராத்தான் இருக்கும்."

பதிலுக்கு அவர் என்ன சொல்லியிருப்பாரோ, ஆனால் மஹோ நாற்காலியை உள்ளே தள்ளிவிட்டிருந்தாள். "ரெண்டு பத்துக்குக் கிளம்பற விமானத்துக்குப் பெட்டி ஏத்தணும் சார்" என்றாள். குனிந்தாள். எவ்வளவு குனிய வேண்டுமோ அவ்வளவுதான், ஒரு விரற்கடை கூடக் கூடுதலாக இல்லை. கதவை இழுத்துச் சாத்திவிட்டு நடந்தாள்.

படியில் இறங்க இறங்க, பழைய முத்திரையும் புதிய டப்பாவும் ஒன்றோடொன்று இடித்து அவள் மார்புக்குப் பக்கத்தில் சத்தம் போட்டன. கொஞ்ச நேரத்தில் தத்சுமிக்கு விஷயம் தெரிந்துவிடும், தலையில் அடித்துக்கொள்வான். அம்மாவிடம் எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை, சொல்லத்தான் வேண்டும். செவ்வாய்க்கிழமைக் குப்பை வண்டி எத்தனை மணிக்கு வரும் என்று யோசித்தாள். நாளைக் காலை எட்டு. இன்னும் நேரம் இருக்கிறது. திரும்பும் வழியில் கடையில் நல்ல நாடா வாங்க வேண்டும், விலை கூட ஆனாலும் பரவாயில்லை, மழைக்காலத்தைத் தாங்குகிறதாக.

கீழ்த்தளத்துக் கதவைத் தோளால் தள்ளினாள். கடற்காற்று எரிபொருள் நெடியோடு முகத்தில் அடித்தது. தூரத்தில் சிவப்பு மூடி மாட்டிய விமானங்கள் வாயடைத்து வரிசையாக நின்றன. அவற்றுக்கு இந்தப் பக்கம் ஒன்று மட்டும் மூடி இல்லாமல், வயிற்றைத் திறந்துவைத்துக்கொண்டு பெட்டிகளுக்காகக் காத்திருந்தது. அதன் மூக்குச் சக்கரத்துக்கு அடியிலிருந்து தொடங்கும் மஞ்சள் கோடு தரையில் நீண்டு, வளைந்து, ஓடுபாதைப் பக்கமாகப் போனது. மஹோ கையுறையை மாட்டிக்கொண்டு அந்தக் கோட்டின் மேலேயே நடந்தாள்.