வைசாலேயின் இடது கால்

திங்கட்கிழமை மதியம் டாக்டர் ஷைரீன் உனைசியைக் கூப்பிட்டு, மறுநாள் எட்டு மணிக்கு ஆபரேஷன் தியேட்டருக்கு வந்துவிடச் சொன்னாள். உனைசி மருத்துவம் நான்காம் ஆண்டு மாணவி. அறுவை சிகிச்சையை நேரில் பார்ப்பது அவளுக்கு அதுதான் முதல் தடவை. நகத்தை ஒட்ட வெட்ட வேண்டும், கம்மல் மோதிரம் கூடாது, காலையில் கட்டாயம் சாப்பிட்டிருக்க வேண்டும், தலை சுற்றினால் மேசைமேல் சாயாமல் பின்னால் போய்த் தரையில் உட்கார்ந்துவிட வேண்டும் என்றெல்லாம் டாக்டர் சொன்னாள். நோயாளியை இன்றே பார்த்து, கூட நிற்கலாமா என்று அவரிடமே அனுமதி கேட்கவும் சொன்னாள்.

சர்க்கரை நோயில் அழுகிப்போன கால். முழங்காலுக்குக் கீழே எடுக்கிறார்கள்.

இரண்டு வருடத்துக்கு முன் உனைசியின் அப்பாவைக் காந்தாவுத் தீவிலிருந்து படகில் ஏற்றிக்கொண்டுவந்து இதே சுவா நகரத்தில்தான் காலை எடுத்தார்கள். பதினோரு வாரத்தில் அவர் போய்ச் சேர்ந்தார். கல்லூரியில் இது யாருக்கும் தெரியாது. டாக்டரிடம் சொல்லலாமா என்று நினைத்தாள். மனசுக்குள் ஏதாவது கலங்குகிறதா என்று கொஞ்ச நேரம் பார்த்தாள். ஒன்றும் இல்லை. வார்டுக்குப் போனாள்.

நோயாளி வைசாலே முப்பது வருடம் பஸ் ஓட்டியவர். கால் துணி போட்டு மூடியிருந்தது, வாடையை மூட முடியவில்லை. மனைவி தித்தீலியா பக்கத்தில் உட்கார்ந்து விசிறிக்கொண்டிருந்தாள். உனைசி குனிந்து விஷயத்தைச் சொன்னாள். எந்த ஊர் என்று அவர் கேட்டார்.

"காந்தாவு, மாமா."

"காந்தாவுக்காரியா? அப்ப நல்லா எண்ணிப் பாத்துக்க தித்தீலியா, ரெண்டு காலையும் தூக்கிட்டுப் போயிருவாங்க."

அவர் ஊர்க்காரர்கள் காந்தாவுக்காரர்களை இப்படிச் சீண்டுவது வழக்கம். தித்தீலியா சிரிக்கவில்லை. நிற்கலாம் என்றார் அவர். பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"எடுத்தப்புறம் அத எங்க புள்ள கொண்டு போவீங்க?"

உனைசிக்குத் தெரியவில்லை. தெரியாது என்றே சொன்னாள். ஊரில், தன் அப்பாவின் குழிக்குப் பக்கத்தில் அதைப் புதைக்க ஆசை என்றார் அவர். யாரிடம் கேட்பது என்று புரியாமல் மூன்று நாளாகச் சும்மா இருந்தாராம்.

"நீ கேட்டுச் சொல்றியா?"

அவள் கேட்டாள். அதற்கென்று ஒரு படிவம் இருந்தது, ஒரே ஒரு பக்கம். கேட்கிறவர்களுக்குக் கொடுத்துவிடுவோம், கேட்காவிட்டால் எரித்துவிடுவோம் என்று அலுவலகத்தில் இருந்தவர் சாதாரணமாகச் சொன்னார். உனைசியின் அப்பா காலை அவள் வீட்டில் யாரும் கேட்கவில்லை. பெறுபவர் என்ற இடத்தில் தித்தீலியா என்று எழுதினாள். பெறும் பொருள் என்ற இடத்தில் இடது கால் என்று எழுதி, வைசாலேயிடம் கையெழுத்து வாங்கி அலுவலகத்தில் கொடுத்தாள்.

சாயங்காலம் விடுதியில் நகம் வெட்டினாள். கை கழுவும் முறையைத் தொட்டியில் நான்கு தடவை பழகினாள். விரல் நுனியிலிருந்து முழங்கை வரை, தண்ணீர் முழங்கை வழியாக வடிய வேண்டும். பாடப் புத்தகத்தில் காலின் ரத்தக் குழாய்களைப் படித்தாள். பயமாக இருக்கிறதா என்று அறைத்தோழி கேட்டதற்கு இல்லை என்றாள். அது உண்மைதான். படுத்ததும் தூங்கிவிட்டாள். காலையில் அவித்த மரவள்ளிக்கிழங்கு இரண்டு துண்டு சாப்பிட்டாள்.

ஓரமாக நின்று பார்ப்பதுதான் வேலை என்று நினைத்திருந்தாள். ஆனால் அன்று ஆள் குறைவு. வைசாலே மயக்கத்தில் இருந்தார். "கை கழுவிட்டு வா, காலப் பிடிக்கணும்," என்றாள் டாக்டர். உனைசி குதிகாலையும் கெண்டைக்காலையும் ஏந்திப் பிடித்துக்கொண்டாள். தோல், சதை, பிறகு ரம்பம். ரம்பத்தின் அதிர்வு அவள் தோள் வரை வந்தது. திடீரென்று முழுப் பாரமும் அவள் கைக்கு வந்துவிட்டது.

"கீழ விட்டுராத," என்றாள் டாக்டர், தலை நிமிராமல்.

விடவில்லை. நர்ஸ் அதைப் பையில் போட்டுக் கட்டிச் சீட்டு ஒட்டினாள். உனைசி கையுறையைக் கழற்றிவிட்டுப் பையை வாசலுக்கு எடுத்துப் போனாள். தித்தீலியாவும் வைசாலேயின் தம்பியும் சுவரோரம் தரையில் பாய் விரித்து உட்கார்ந்திருந்தார்கள். நின்றபடி கொடுப்பது சரியில்லை என்று அவளும் மண்டியிட்டு உட்கார்ந்தாள். தம்பி உள்ளங்கைகளைக் குவித்து மூன்று முறை மெதுவாகத் தட்டி மரியாதை செய்து வாங்கிக்கொண்டார். பதிலுக்கு என்ன சொல்ல வேண்டும் என்பது அவளுக்குச் சிறுவயதிலிருந்தே தெரியும். அப்போது தலையை மட்டும் தாழ்த்தினாள். அவர்கள் பாயைச் சுருட்டிக் கட்டும் வரை உட்கார்ந்திருந்துவிட்டு உள்ளே போனாள்.

தையல் முடிந்ததும் டாக்டர், பரவாயில்லையா என்று கேட்டாள். நன்றாக இருக்கிறேன் என்றாள் உனைசி. கேன்டீனில் கறி வைத்துச் சுருட்டிய ஒரு ரொட்டிப் பொட்டலம் வாங்கி முழுதும் தின்றாள். உள்ளே இருந்தது உருளைக்கிழங்கா மீனா என்று பிறகு கேட்டிருந்தால் அவளால் சொல்லியிருக்க முடியாது.

வியாழக்கிழமை வார்டில் வைசாலே தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். ஊரில் புதைத்தாயிற்று, போதகர் வந்து ஜெபம் செய்தார், எல்லாருக்கும் டீ கொடுத்தோம் என்று தித்தீலியா சொன்னாள். அவர் உனைசியைப் பார்த்தார்.

"நீதான கையில வச்சிருந்த? கனமா இருந்துச்சா?"

"இருந்துச்சு மாமா. நான் நெனச்சத விட."

"சரி," என்றார் அவர்.

உனைசி அவர் விரலில் ஊசி குத்தி ஒரு சொட்டு ரத்தம் எடுத்து, சர்க்கரை அளவைத் தாளில் எழுதினாள். குறைந்திருந்தது. அதை அவரிடம் சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனாள்.